நூறடி ரோட்டிலிருந்து எல்லைச் சாலை வரை: சென்னையின் வட்டச் சாலைகளும் நாம் கடக்கும் வழியும்



இந்தக் காலாண்டின் ஊர் வரலாற்றுப் பகுதியில் நான்கு சாலைகளின் கதையைப் பார்ப்போம். அரசுப் பதிவேட்டில் உள்வட்டச் சாலை என்றும் நம் வாயில் நூறடி ரோடு என்றும் இருப்பது முதலாவது. தாம்பரம் பக்கம் பெருங்களத்தூரில் தொடங்கிப் புழல் வரை போகும் பைபாஸ் இரண்டாவது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மூன்றாவது. இன்னும் வெளியே, இப்போது வேலை நடந்துகொண்டிருக்கும் சென்னை எல்லைச் சாலை நான்காவது.

புதுச் சாலை வருகிறது என்றால் நாம் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்போம். டிராபிக் குறையுமா? நிலத்தின் விலை ஏறுமா? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அந்தச் சாலையை நடந்து கடப்பது எப்படி? ஐம்பது ஆண்டு வரலாற்றில் இந்தக் கேள்வியைச் சாலை திறந்த பிறகுதான் கேட்டிருக்கிறோம். திறப்பதற்கு முன்பே ஏன் கேட்க வேண்டும் என்பதை இந்த நான்கு சாலைகளே நமக்குச் சொல்லும்.

விசிறிபோல் விரிந்த ஊர்

சென்னையின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பெரிய சாலைகள் எல்லாம் விசிறியின் குச்சிகள்போல் ஒரே இடத்திலிருந்து விரிகின்றன. அந்த இடம் ஜார்ஜ் கோட்டையும் அதை ஒட்டிய ஜார்ஜ் டவுனும் துறைமுகமும். தெற்கே போவது ஜி.எஸ்.டி. ரோடு, வடக்கே போவது ஜி.என்.டி. ரோடு, மேற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை, இடையில் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் சி.டி.எச். ரோடு. கோட்டையிலிருந்து படையும் தபாலும் சரக்கும் உள்நாட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்குக் குறுக்கே போக வேண்டிய தேவை அன்று பெரிதாக இல்லை.

ஊர் பெருத்தபோது இதுவே சிக்கலானது. வடக்கே ஆந்திராவிலிருந்து வந்து தெற்கே திருச்சிக்குப் போகும் லாரிக்கும் நகருக்குள் நுழையாமல் வழி இல்லை. காய்கறி வண்டி கொத்தவால் சாவடிக்கு வந்தாக வேண்டும். வெளியூர் பஸ் பிராட்வேக்கு வந்தாக வேண்டும்.

1972-ல் மெட்ராஸ் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைந்தது. இன்று நாம் சி.எம்.டி.ஏ. என்று சொல்வது அதைத்தான். 1975-ல் முதலாவது முழுமைத் திட்டம் வந்தது. அப்போது பெருநகர்ப் பகுதியின் மக்கள்தொகை 1971 கணக்கெடுப்பின்படி சுமார் 35 லட்சம். 2001-ல் அது 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது. முப்பதே ஆண்டுகளில் இரண்டு மடங்கு. விசிறியின் குச்சிகளைக் குறுக்கே இணைக்கும் வளையங்கள் தேவை, வளர்ச்சியை மறைமலை நகர், மணலி புதுநகர் போன்ற வெளி இடங்களுக்கு இழுத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் வலுப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வட்டச் சாலைக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தார்கள். முதல் வேலை, ஊருக்குச் சம்பந்தமில்லாத வண்டியை ஊருக்கு வெளியே சுற்றி அனுப்புவது. இரண்டாவது வேலை, ஊரின் வளர்ச்சியை வெளியே அழைத்து வருவது. முதல் வேலைக்குச் சந்திப்புகள் குறைவாகவும் வேகம் அதிகமாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது வேலை நடந்தால் கடை வரும், வீடு வரும், பள்ளிக்கூடம் வரும், பஸ் ஸ்டாப் வரும், சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். ஒரே சாலை இரண்டையும் செய்யப் போகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறவர் நடந்து போகிறவர்தான்.

நூறடி ரோடு ஊருக்கு நடுவில் வந்த கதை

திருவான்மியூர் பக்கம் தொடங்கி, தரமணி, வேளச்சேரி, ஆலந்தூர், கத்திப்பாரா, ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், வடபழனி, அரும்பாக்கம், கோயம்பேடு, திருமங்கலம், பாடி, கொளத்தூர் வழியாக மாதவரம் வரை சுமார் 25 கிலோமீட்டர் ஓடுகிறது உள்வட்டச் சாலை. ஜவஹர்லால் நேரு சாலை என்பது அதன் பெரும்பகுதிக்குப் பெயர். பகுதி பகுதியாகப் போடப்பட்ட சாலை இது.

அந்தச் சாலையின் ஓரத்தில் அரசே என்னென்ன கொண்டுவந்து வைத்தது என்று பாருங்கள். 1996-ல் கொத்தவால் சாவடியின் மொத்தவிலைக் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்கு வந்தது. 2002-ல் பிராட்வேயிலிருந்து வெளியூர் பஸ் நிலையம் அதே கோயம்பேட்டுக்கு வந்தது. 2015 ஜூன் 29 அன்று சென்னையின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில், அதாவது இந்தச் சாலையின் தலைக்கு மேலேதான். ஊரைச் சுற்றிப் போவதற்காக நினைத்த சாலை, ஊரின் சந்தையும் பஸ் நிலையமும் ரயில் பாதையும் உள்ள நடுவீதியாகிவிட்டது.

இதை யாரும் எதிர்பாராமல் நடந்த காரியம் என்று சொல்ல முடியாது. சந்தையையும் பஸ் நிலையத்தையும் அங்கே வைக்க முடிவு செய்தது திட்டமிட்டவர்களே. விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் மூட்டையோடு ஆட்கள் வருவார்கள், கையில் குழந்தையும் பெட்டியுமாகப் பயணிகள் இறங்குவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனாலும் செலவும் கவனமும் முதலில் போனது வண்டிகள் நிற்காமல் திரும்புவதற்கு.

கத்திப்பாராவை எடுத்துக்கொள்வோம். 2008-ல் திறந்த அந்த மேம்பாலம் 'குளோவர் இலை' வகையைச் சேர்ந்தது. நான்கு இதழ் கொண்ட இலைபோல நான்கு வளைவுகள். இதன் கணக்கு எளிது. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். வலப்பக்கம் திரும்பும்போதுதான் எதிரே வரும் வண்டியைக் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும். குளோவர் இலையில் பாலத்தைத் தாண்டிப் போய், இடது பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி, வலப்பக்கச் சாலையில் சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் ஆர்தர் ஹேல் என்ற பொறியாளர் 1916-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. சாதாரண நான்குமுனைச் சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32 என்று போக்குவரத்துப் பொறியியல் கணக்கிடுகிறது. அவற்றில் ஆபத்து மிகுந்தவை குறுக்கே வெட்டும் புள்ளிகள். குளோவர் இலை அவற்றை இல்லாமல் செய்கிறது. ஒரு வளைவிலிருந்து வெளியே வருகிற வண்டியும் அடுத்த வளைவுக்குள் போகிற வண்டியும் பின்னிக்கொள்ளும் சிறு தூரம் மட்டும் சிக்கலாக மிஞ்சும்.

ஆனால் அந்தக் கணக்கில் நடப்பவர் இல்லை. சிக்னல் இருந்த காலத்தில் சிவப்பு விளக்கு விழுந்தால் வண்டி நிற்கும், நாம் கடப்போம். வண்டி நிற்கவே வேண்டாம் என்று அமைத்த இடத்தில் நாம் எப்போது கடப்பது? பிறகு பாலத்துக்கு அடியில் இருந்த வெற்று இடத்தைச் சீர்படுத்தி, 2021-ல் நகர்ப்புறச் சதுக்கமாகத் திறந்தார்கள். பஸ் நிற்கும் இடம், கடைகள், உட்காரும் இடங்கள், மெட்ரோவுக்கு நடக்கும் வழி எல்லாம் வந்தன. நல்ல காரியம். ஆனால் பாலம் வந்து 13 ஆண்டுகள் கழித்து வந்தது.

ஏன் படியேற மாட்டேன் என்கிறோம்

"நடைமேம்பாலம் இருக்கிறதே, அதில் ஏறாமல் குறுக்கே ஓடுகிறார்களே" என்று நம்மில் பலர் அலுத்துக்கொள்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரியும் கன்டெய்னரும் அடியில் போக வேண்டுமானால் பாலத்துக்கு அடியில் குறைந்தது ஐந்தரை மீட்டர் இடைவெளி வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கும் காய்கறிக் கூடை தூக்குகிறவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அது பாலமாகத் தெரியாது, சுவராகத்தான் தெரியும். லிஃப்ட் பழுதாகிக் கிடக்கும் நடைமேம்பாலமும் அப்படித்தான்.

இனி வேகத்தின் கணக்கு. மூன்று லேன் கொண்ட ஒரு பக்கத்துச் சாலை சுமார் பத்தரை மீட்டர் அகலம். சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பொறியாளர்கள் வைக்கும் அளவு. அவர் கடக்க 9 வினாடி ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த 9 வினாடியில் 200 மீட்டர் வந்துவிடும். கால் தளர்ந்த பெரியவருக்கு 13 வினாடி ஆகும் என்று வைத்தால் 290 மீட்டர். அவ்வளவு தூரத்தில் வரும் விளக்கைப் பார்த்து அதன் வேகத்தை யார்தான் சரியாகக் கணிக்க முடியும்? அதிலும் இரவு நேரத்தில்?

மோதினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதைவிட 65 கிலோமீட்டரில் மோதினால் நடப்பவர் உயிரிழக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகம் வெறும் 15 கிலோமீட்டர்தான் கூடுகிறது. "கொஞ்சம் வேகம்தானே" என்று நாம் சொல்கிற அந்தக் கொஞ்சத்தில்தான் உயிர் இருக்கிறது.

பைபாஸும் நானூறு அடி ரோடும்

நூறடி ரோடு ஊருக்குள் வந்துவிட்டதால் அதற்கு வெளியே இன்னொரு வழி தேவைப்பட்டது. அதுதான் சென்னை பைபாஸ். பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வரை 19 கிலோமீட்டர், அங்கிருந்து புழல் வரை 13 கிலோமீட்டர், ஆக 32 கிலோமீட்டர். இன்று போரூர், மதுரவாயல், அம்பத்தூர் பக்கம் இருக்கும் நமக்கு அதுவும் ஊருக்கு நடுவில்தான்.

அதற்கும் வெளியே வெளிவட்டச் சாலை. வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் தொடங்கி, நசரத்பேட்டை, நெமிலிச்சேரி, நல்லூர் வழியாக மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர். வண்டலூர்–நெமிலிச்சேரி பகுதி 2014-லும் மீஞ்சூர் வரையான மீதிப் பகுதி 2021-லும் திறக்கப்பட்டன. இதற்கு ஒதுக்கிய நிலத்தின் அகலம் 122 மீட்டர், அதாவது 400 அடி. இன்றைய ஆறு வழிச் சாலையோடு நில்லாமல், நாளை வரக்கூடிய ரயில் பாதை, ஓரத்தில் வரும் வளர்ச்சி ஆகியவற்றையும் மனத்தில் வைத்து எடுத்த அகலம் இது. நூறடி ரோட்டில் பட்ட அனுபவம் இங்கே பேசுகிறது. சர்வீஸ் ரோடும் சேர்த்தே அமைத்தார்கள். உள்ளூர் வண்டி ஓரத்தில் போக வேண்டும், தூரத்து வண்டி நடுவில் போக வேண்டும் என்பது சரியான பாடம்தான்.

இப்படிப்பட்ட சாலையில் பாதுகாப்புக்கு என்னென்ன இருக்கும்? நடுவில் மீடியன், எதிர்ப்பக்கத்துக்கு வண்டி பாய்ந்துவிடாமல் தடுக்க. உயரமான கரையின் ஓரத்தில் அலைபோல் வளைந்த இரும்புத் தடுப்பு. அது வண்டியை ஒரே இடத்தில் மோதி நிறுத்தாமல், தான் நசுங்கி, வண்டியை மெல்லச் சாலைப் பக்கமே திருப்பிவிடும். லேன் கோடுகளில் இரவில் மின்னும் ரிஃப்ளெக்டர்கள். சந்திப்புகளில் உயர்கோபுர விளக்கு. லாரி ஒதுங்கி நிற்கத் தனி இடம். கிராமச் சாலைகள் குறுக்கே போகச் சுரங்கப்பாதைகள்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை பலன் தராது. லாரி நிறுத்துமிடத்தையே பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டரில் வருபவர் எதிரே இருப்பதைப் பார்த்து, மூளை உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்கவே இரண்டரை வினாடி ஆகும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் வண்டி 55 மீட்டர் போயிருக்கும். முழுதாக நிற்க 120 மீட்டர் வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் 180 மீட்டர். காரின் தாழ்ந்த விளக்கு தெளிவாகக் காட்டுவது சுமார் 50 மீட்டர்தான். தூக்கம் தாங்காத டிரைவர், ஒதுங்க இடமில்லாமல், பின் விளக்கு எரியாத லாரியைச் சாலையோரத்தில் நிறுத்தினால், பின்னால் வருபவர் அதைப் பார்க்கும்போது பிரேக் போடும் தூரம் தாண்டிவிட்டிருக்கும். இதில் இரண்டு டிரைவர்களையும் திட்டலாம். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு லாரி நிறுத்துமிடமும் ஒரு டீக்கடையும் கழிப்பறையும் வரைபடத்திலேயே இருந்திருந்தால் அந்த லாரி அங்கே நின்றிருக்காது.

தவறான திசையில் வரும் பைக்கும் அதேபோல்தான். எதிர்ப்பக்கக் கடைக்குப் போக வேண்டும். திரும்பும் இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போய்த் திரும்பி வர நான்கு கிலோமீட்டர். பெட்ரோல் விற்கும் விலையில் பாதிப்பேர் எதிர்த்திசையில்தான் வருவார்கள். அது குற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் தினமும் நூறு பேர் செய்யும் குற்றம், இங்கே ஒரு சுரங்கப்பாதை தேவை என்று நூறு பேர் எழுதிக் கொடுத்த மனுவும்கூட.

கதையின் கடைசிப் பகுதி கிளாம்பாக்கம். பிராட்வேயிலிருந்து கோயம்பேட்டுக்குப் போன வெளியூர் பஸ் நிலையத்தின் தென்மாவட்டப் பஸ்கள், 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போயின. வெளிவட்டச் சாலை தொடங்கும் வண்டலூருக்குப் பக்கத்தில்தான் அது. நகரம் மீண்டும் அடுத்த வளையத்துக்குப் போய்விட்டது. திறந்த அன்று அங்கே ரயில் நிலையமும் தயாராக இல்லை, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மேலே அதற்குப் போகும் நடைபாலமும் தயாராக இல்லை. கோயம்பேடு கற்றுத்தந்த பாடம் இருபது ஆண்டு கழித்தும் பாதிதான் மனத்தில் நின்றது.

பர்மிங்காம் போட்ட கழுத்துப்பட்டை

இது நமக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம், ஹெர்பர்ட் மன்சோனி என்ற நகரப் பொறியாளரின் திட்டப்படி, நகர மையத்தைச் சுற்றி ஒரு உள்வட்டச் சாலை போட்டது. 1957-ல் தொடங்கிய வேலை 1971-ல் முடிந்து, எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார். அன்றைக்கு அது பெருமைக்குரிய சாலை. வண்டி மேலே, நடப்பவர் கீழே சுரங்கப்பாதையில் என்று பிரித்தார்கள். வண்டிக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் இருட்டான, வளைந்து நெளிந்த சுரங்கங்களில் மக்கள் நடக்கப் பயந்தார்கள். நகர மையம் வளர இடமில்லாமல் அந்த வளையத்துக்குள் அடைபட்டது. 'கான்கிரீட் கழுத்துப்பட்டை' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

1980களின் இறுதியில் நகரத்தார் கூடிப் பேசி, அந்தப் பட்டையை உடைப்பது என்று முடிவெடுத்தார்கள். சில இடங்களில் சாலையைத் தாழ்த்தினார்கள், சில சுரங்கங்களை மூடித் தரைமட்டத்திலேயே சிக்னலோடு கடக்கும் வழி அமைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில் மாஸ்ஹவுஸ் என்ற பெரிய உயர்மட்டச் சந்திப்பையே இடித்துத் தள்ளினார்கள். முப்பது ஆண்டுக்கு முன்பு செலவழித்துக் கட்டியதை மறுபடியும் செலவழித்து இடித்தார்கள். நம்மிடம் இரண்டு முறை செலவழிக்கப் பணம் இருக்கிறதா என்பதை நீங்களே யோசியுங்கள்.

நம் பக்கத்து ஹைதராபாத் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்குள்ள 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையின் நடுப்பகுதிக்குள் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே நுழைய முடியும். பைக்குக்கும் நடப்பவருக்கும் அனுமதி இல்லை. அவர்களுக்கு ஓரத்தில் சர்வீஸ் ரோடு. வட்டச் சாலைக்கான இரண்டு வேலைகளையும் ஒரே தார் மேல் கலக்காமல் பிரித்து வைக்கும் முறை இது. இதிலும் குறுக்கே போகும் வழிகள் போதுமான அளவு இருந்தால்தான் இரு பக்கத்து ஊர்களும் பிழைக்கும்.

எண்ணிக்கையும் சட்டமும்

2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இருசக்கர வாகனத்தில் சென்றவர்களையும் சேர்த்தால் மொத்தத்தில் பாதிக்கும் மேல் வந்துவிடுகிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

அடிபட்டவரைக் காப்பாற்ற 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. பல குடும்பங்களுக்கு அது பெரிய துணை. ஆனால் அது அடிபட்ட பிறகு. அடிபடாமல் இருக்கச் செய்வது சாலையின் வரைபடம்.

அதற்கும் வழி இருக்கிறது. சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று ஒன்று உண்டு. இந்தியச் சாலைகள் பேராயம் அதற்கென்று கையேடே வெளியிட்டிருக்கிறது. திட்டம் தீட்டும்போது, வரைபடம் வரையும்போது, கட்டும்போது, திறப்பதற்கு முன், திறந்த பிறகு என்று ஒவ்வொரு கட்டத்திலும், அந்தச் சாலையை வடிவமைக்காத வேறொரு குழு வந்து, எங்கே யார் அடிபடக்கூடும் என்று பார்த்து எழுத வேண்டும். காகிதத்தில் இருக்கும் கோட்டை மாற்ற ஒரு ரப்பர் போதும். தூண் எழுந்த பிறகு மாற்றக் கோடிகள் வேண்டும்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் வகுக்கப்பட்ட பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் ஒருவர் இறந்தாலோ உடல் ஊனமுற்றாலோ, பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். தொகை பெரிதல்ல. ஆனால் விபத்து என்றால் ஓட்டியவர் மட்டுமே காரணம் என்ற பழைய எண்ணத்தைச் சட்டம் விட்டுவிட்டது என்பதற்கு இது சான்று.

எல்லைச் சாலையும் நம் ஐந்து கேள்விகளும்

இப்போது நான்காவது வளையம். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோயில் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டர், ஐந்து பகுதிகளாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். இன்று அதன் ஓரத்தில் வயலும் ஏரியும் பார்த்தால், "இங்கே யார் கடக்கப் போகிறார்கள்" என்று தோன்றும். நூறடி ரோடு போட்ட காலத்தில் அதன் மேற்கே பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். சி.எம்.டி.ஏ.யின் மூன்றாவது முழுமைத் திட்டமும் தயாராகி வருகிறது. நம் பகுதியிலும் இணைப்புச் சாலைகள், அகலப்படுத்தும் வேலைகள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே எந்தச் சாலைத் திட்டம் வந்தாலும் கருத்துக் கேட்புக் கூட்டத்திலோ எழுத்து மூலமாகவோ இந்த ஐந்தைக் கேட்போம்.

ஒன்று: இப்போது மக்கள் எங்கெங்கே குறுக்கே போகிறார்கள்? பள்ளி, ரேஷன் கடை, கோயில், மசூதி, சுடுகாடு, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தீர்களா? உள்ளூர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இது முழுதாகத் தெரியாது.

இரண்டு: கடக்கும் வழி எத்தனை மீட்டருக்கு ஒன்று? தரைமட்டத்திலா, படியேறியா? படி என்றால் சாய்தளமோ லிஃப்ட்டோ உண்டா? லிஃப்ட்டை யார் பராமரிப்பார்கள்?

மூன்று: சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருக்கிறதா, அல்லது பாலம், ஆறு, ரயில் பாதை வரும் இடத்தில் நின்றுபோய் உள்ளூர் வண்டிகளை வேகச் சாலையில் தள்ளிவிடுகிறதா?

நான்கு: தண்ணீர் எங்கே போகும்? நம் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சாய்கிறது. வட்டச் சாலைகளோ வடக்கு–தெற்காக அதன் குறுக்கே கரைபோல் நிற்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளம் நம் யாருக்கும் மறக்காது. கால்வாய் போகும் இடத்தில் எல்லாம் போதுமான அகலத்தில் பாலமோ மதகோ இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் தேங்கிய சாலையும் ஆபத்து, சாலையால் நீர் தேங்கிய வீடும் ஆபத்து.

ஐந்து: பாதுகாப்புத் தணிக்கை செய்தது யார், அறிக்கை எங்கே? 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதன் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதில் சொன்ன குறைகளில் எவற்றைச் சரிசெய்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதால் சாலை வேண்டாம் என்று சொல்பவர்களாகிவிட மாட்டோம். நல்ல வட்டச் சாலையால் துறைமுக லாரி நம் தெருவுக்குள் வராது, ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும், நம் பிள்ளைகள் வேலைக்குப் போய் வரும் நேரம் குறையும். இத்தனை நன்மைக்கும் விலையாகச் சாலையின் மறுபக்கம் போக நினைக்கும் ஒரு பாட்டியின் உயிரைக் கேட்கக் கூடாது என்பதுதான் நம் கோரிக்கை. நூறடி ரோட்டில் அந்தக் கோரிக்கையை வைக்க நமக்கு நேரம் கிடைக்கவில்லை. எல்லைச் சாலையில் இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

நூறடி ரோட்டின் பழைய நாட்களை நேரில் பார்த்த மூத்த குடியிருப்பாளர்கள் நம்மிடையே நிச்சயம் இருப்பீர்கள். அந்தக் காலப் புகைப்படங்களோ நினைவுகளோ இருந்தால் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். நம் பகுதியில் எந்த இடத்தில் சாலையைக் கடக்கச் சிரமப்படுகிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து வைத்தால் அடுத்த மனுவுக்கு அதுவே அடிப்படையாக இருக்கும்.